அந்த மாங்காய் ஐஸ்கிரீம் பற்றி அம்மா எழுதச் சொன்னது

அம்மா எங்களை விட்டுக் கர்த்தருடைய சமூகத்துக்குப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அம்மாவின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இப்படிப்பட்ட மலர்கள் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்து வாசித்துப் பார்த்தேன். குறையே இல்லாத மனிதர்கள் மட்டும்தான் நம் ஊரில் சாகிறார்கள் போலிருக்கிறது! நானும் அப்படி ஒன்று எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. பிறகு கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அம்மா என்னிடம் எழுதச் சொன்னது வேறு. எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எங்காவது வார்த்தை தடித்திருந்தால் அது என்னுடையது, அம்மாவுடையது அல்ல.

அம்மா சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிச் செம்மணலை ஒட்டிய சிற்றூரில் ஓர் உபதேசியாரின் மகளாகப் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தாயை இழந்தார்கள். நாசரேத்தில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தார்கள். மேலே படிக்க ஆசை இருந்தும், தம்பிமார்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். அந்த வருத்தத்தை அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களில் யாராவது பள்ளிக்கூடம் போக அழுதால் மட்டும் முதுகில் ஒன்று விழும். திருமணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது அப்பா ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீடு. எந்த நேரமும் கருவாட்டு வாடை. அம்மாவுக்கு அந்த வாடை கடைசி வரை பழகவே இல்லை.

ஐஸ்கிரீம் வாளி எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மிஷன் பங்களாவில் இருந்த துரைசானி அம்மாள் தம் நாட்டுக்குத் திரும்பும்போது சாமான்களை விற்றார்கள். தையல் மெஷின் வாங்க அப்பாவும் அம்மாவும் போனார்கள். திரும்பி வரும்போது அப்பாவின் சைக்கிளில் ஒரு மர வாளி உட்கார்ந்திருந்தது. வாளிக்கு நடுவே ஈயம் பூசிய டப்பா, மேலே சுற்றுவதற்குக் கைப்பிடி. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அன்று வீட்டில் இருந்தார்கள்.

"ஏளா, தையல் மெஷின் வாங்கப் போயிட்டு வாளியத் தூக்கிட்டு வந்திருக்கியே! தண்ணி கோரவா?" என்றார்கள்.

"கோரத்தான் மதினி. முதல் கிண்ணம் உங்களுக்குத்தான், பாருங்க" என்றார்கள் அம்மா.

அப்படியே முதல் கிண்ணம் அத்தைக்குத்தான் போனது. கருப்பட்டியும் சுக்கும் போட்டது. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். "இது என்னளா, சுக்குக் காப்பி செத்து மோட்சத்துக்குப் போன மாதிரி இருக்கு" என்றார்கள். அன்றிலிருந்து அம்மாவின் ஐஸ்கிரீமை ஊரெல்லாம் சொன்னது அத்தைதான். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேரை நிறுத்திவைத்துச் சொல்வார்கள்.

ஐஸும் உப்பும் நம் ஊரில் கிடைப்பது போல் வேறெங்கே கிடைக்கும்? மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி. உப்பளம் கூப்பிடு தூரம். அப்பா சாக்கில் சுற்றி ஐஸ் கட்டியைக் கொண்டுவருவார்கள். அதை உடைத்து, டப்பாவைச் சுற்றிலும் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு கல்லுப்பு என்று வாளியில் நிரப்ப வேண்டும். பிறகு கை ஓயச் சுற்ற வேண்டும். அது அப்பாவின் வேலை. அந்த ஐஸ் மீனுக்காகச் செய்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீரோ, தரையில் இழுத்து வந்தது வேறு. அதில் ஒரு சொட்டுகூட டப்பாவுக்குள் போகக்கூடாது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வெளியேற வாளியின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி, மூடி வழியாக உள்ளே கசிந்துவிடும்.

அதற்கு அம்மா ஒரு முறை வைத்திருந்தார்கள். டப்பாவைத் திறக்கும் முன் மூடியைத் துணியால் துடைக்க வேண்டும். திறந்ததும் மேலாக ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைக்க வேண்டும். உப்புத் தட்டினால் யோசிக்கவே கூடாது, டப்பா முழுவதையும் கொல்லையில் கொட்டிவிட வேண்டும். ஒரு தடவை சீத்தாப்பழ ஐஸ்கிரீம் அப்படிப் போயிற்று. நாங்கள் அழுதோம். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெனிலா என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. பதநீர்க் காலத்தில் பதநீரைச் சுண்டக் காய்ச்சிப் பாலோடு சேர்த்து ஒன்று. தேரிக்காட்டு முந்திரிப்பழத்தின் காறலை எப்படியோ போக்கி ஒன்று. செவ்வாழையில், நாவல்பழத்தில், பனங்கற்கண்டும் மிளகும் போட்டு ஒன்று. "அடுத்து நெத்திலிக் கருவாட்டுல போடுங்கம்மா" என்று தம்பி கேலி பேசுவான். "உன் வாய்க்கு அதான் பொருத்தம்" என்று தலையில் குட்டு விழும். படிக்க முடியாமல் போன அறிவெல்லாம் அந்த வாளிக்குள் இறங்கியது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக ஒன்று.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம், ஒரு மே மாதத்தில் அத்தை மகளுக்குத் திருமணம். மறுநாள் சம்பந்தி விருந்து அத்தை வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் சாயர்புரம் பக்கத்து ஆட்கள், வசதியானவர்கள். கறி விருந்து அத்தையின் பொறுப்பு, ஐஸ்கிரீம் அம்மாவின் பொறுப்பு. அத்தை ஆசையாகக் கேட்டார்கள்: "அவங்க வாழ்நாள்ல கண்டிருக்கக் கூடாது, அப்படி ஒண்ணு போடுளா."

அம்மா அந்தக் கோடையில் கண்டுபிடித்திருந்தது மாங்காய் ஐஸ்கிரீம். பால் கிடையாது. மாங்காயை அவித்துப் பிசைந்து, சர்க்கரைப் பாகு சேர்த்து, கூடவே உப்பும் மிளகாய்த்தூளும். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய் தொட்டுத் தின்ற மாங்காயை அப்படியே உறைய வைத்தது போல இருக்கும். கேட்டால் கூத்தாக இருக்கும், சாப்பிட்டால் கை நிற்காது.

மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தி. கறிக்குழம்புக்குப் பிறகு இலையின் ஓரத்தில் கிண்ணத்தில் மாங்காய் வந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அம்மாவைக் கூப்பிடச் சொல்லிப் பாராட்டினார். பெண் வீட்டுக்காரர்கள் நாங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது மாங்காய் தீர்ந்துபோயிருந்தது. எங்களுக்கு, அதே வாளியில் அடுத்துச் சுற்றிய பனங்கற்கண்டு ஐஸ்கிரீம்தான் கிடைத்தது.

பொழுது சாயும் முன்பே மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒருவர் இருவர் அல்ல, சின்னப் பிள்ளைகள் உட்பட அநேகர். மாப்பிள்ளையின் தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கெட்ட தண்ணீர் ஏதோ வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர்.  அத்தை மகள் புதுப்புடவை கசங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற கோலம் இப்போதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் எல்லோரும் பிழைத்தது கர்த்தருடைய கிருபை.

எல்லோரும் பிழைத்த பிறகு சண்டை ஆரம்பித்தது. ஐஸ்கிரீம்தான் காரணம் என்று அத்தை சொன்னார்கள். அப்பா குதித்துவிட்டார்கள். "என் வீட்டுக்காரி கைய குறை சொல்லாதக்கா. உன் கறி ஊசிப் போயிருக்கும். முதல் சட்டிக் கறியப் போய்ப் பாரு" என்று சபையார் கேட்கக் கோயில் வாசலிலேயே கத்தினார்கள். நாங்கள் பிள்ளைகளும் அப்பா பக்கம். அம்மாவை ஒருவர் ஒரு சொல் சொல்ல விடுவோமா? உறவே இரண்டாகப் பிரிந்தது. ஐஸ்கிரீம் என்பார் ஒரு கட்சி, கறி என்பார் ஒரு கட்சி. இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களிலும் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். எனக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும்.

இதில் நொறுங்கியது அத்தை மகள்தான். போன வீட்டில் அந்தப் பிள்ளைக்குப் 'பேதிக் கல்யாணப் பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். தலைக் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிடுவது நம் வழக்கம். அந்த மாப்பிள்ளை வந்தார், டிபன் கேரியரோடு. அவருடைய தாயார் கட்டிக்கொடுத்த சோறு. அத்தை சமைத்து வைத்திருந்ததைத் தொடவில்லை. அத்தை அடுக்களையில் நின்று அழுததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அம்மா அந்தச் செய்தியைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை. "என்னங்க, பெண் வீட்டுப் பந்தியில நாம எல்லாரும் அதே சட்டிக் கறியத்தானே சாப்பிட்டோம்? நமக்கு ஒண்ணும் ஆகலியே. மாங்காய் சாப்பிட்டவங்களுக்குத்தானே வந்துச்சு? பனங்கற்கண்டு சாப்பிட்டவங்களுக்கு வரலியே?" என்றார்கள்.

"அதுக்கு?"

"மதினிகிட்ட போய்ச் சொல்லிருவோம். வாளியில கசிஞ்சிருக்கும். மாங்காயில நாமளே உப்பு போட்டதால நாக்குக்குத் தெரியாமப் போச்சு. மத்ததுன்னா கரிச்சிருக்கும், கொட்டியிருப்போம்."

அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. "வாயத் தொறந்தேன்னா நான் இந்த வீட்ட விட்டே போயிருவேன். ஊர் முன்னால சொன்ன சொல்ல மாத்தச் சொல்லுதியா?" என்று கத்தினார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் நற்கருணை அப்பம் எடுக்கவும் அம்மா எழுந்து போகவில்லை. நான் காரணம் கேட்டதற்கு, "மனத்தாங்கல் இருக்கும்போது எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு நாள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு, "நான் மதினி வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். அப்பா தடுக்கவில்லை. தெருமுனை வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டார்கள்.

அத்தை எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா நின்றபடியே சொன்னார்கள்: "உங்க கறியில தப்பு இல்ல மதினி. எங்க வாளியிலதான் தப்பு. வாளி என்னோடது, பொறுப்பும் என்னோடது. மன்னிச்சுக்கிடுங்க."

 அத்தை, "இத என்கிட்ட வந்து சொல்லுத. கோயில் வாசல்ல எந்தம்பி என்னச் சொன்னப்ப எத்தன பேரு கேட்டாக? அத்தன பேருகிட்டயும் யாரு சொல்லுவா?" என்றார்கள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினார்கள். வாசல் வரை அத்தை கூட வந்தார்கள். கதவைச் சாத்தும்போது மெதுவாகத்தான் சாத்தினார்கள்.

எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டவரை இப்படியா அனுப்புவது? "அவங்க கேட்டது நியாயம்ளா, சும்மா வா" என்று அம்மா என்னை அடக்கினார்கள்.

அதற்குப் பிறகும் அம்மா வாளியைத் தூக்கிப் போடவில்லை. மாங்காயை மட்டும் தொடவில்லை. இளநீரும் ஏலக்காயும், கொய்யாவும் பனஞ்சீனியும் என்று செய்தார்கள். ஆனால் செய்து முடித்ததும் முதல் கிண்ணத்தைத் தாமே சாப்பிடுவார்கள். பிறகு வயிற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமாகத் தெரியும்வரை எங்களுக்கு ஒரு கரண்டி கிடைக்காது. அதற்குள் வாளி ஐஸ் கரைந்து ஐஸ்கிரீம் பாயசமாகிவிடும். நாங்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறோம். சிரித்துக்கொண்டுதான் குடிப்போம். அம்மா சிரிக்க மாட்டார்கள்.

போன ஆண்டு இருதயக் கோளாறு என்று படுத்தார்கள். கடைசி வாரங்களில் பேச்சு குறைந்துபோனது. ஒரு பகலில் நான் பக்கத்தில் இருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு மலர் போடுவீங்கல்லா?"

"என்னம்மா பேசுதீங்க!"

"போடுவீங்க, எனக்குத் தெரியும். அதுல மாங்காய் சமாச்சாரத்த எழுது. மதினி கறியில குத்தம் இல்ல, எல்லாம் என் வாளியில வந்த வினைன்னு எழுது. அன்னைக்குக் கேட்டவங்க எல்லாரும் அத வாங்குவாங்கல்லா? மதினி கேட்டதுக்கு வேற என்ன பதில் சொல்ல?"

சரி என்றேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சம்பந்தி விருந்தன்று மாங்காய் டப்பாவைத் திறந்து ருசி பார்த்த எங்கள் அம்மா, அதில் தாமே போட்ட உப்பை நினைத்து ஏமாந்துபோனார்கள். அத்தையின் கறியில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் இத்துடன் வாயை மூடிக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவின் நோயில் முகம் சுளிக்காமல் வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், இரவு பகலாகப் பணிவிடை செய்த நர்ஸ் சகோதரிகளுக்கும், ஜெபித்த போதகர் ஐயரவர்களுக்கும், அடக்க ஆராதனையில் பாடிய மாதர் சங்கத்தாருக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட மனமில்லாத நாட்களில் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த அடுத்த வீட்டு அக்காவுக்கும், பெட்டி சுமந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அழைப்பு இல்லாமலே அடக்கத்துக்கு வந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துவிட்ட அத்தைக்குத் தனியாக நன்றி.

கட்டுரை இங்கேதான் முடிந்திருந்தது. அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். கிழித்தெறிவார்கள் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராகவே நின்றேன். இது அம்மாவின் கடைசி விருப்பம், யார் தடுத்தாலும் போடுவேன் என்று வாய்வரை வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்கள். திரும்பவும் ஒரு முறை வாசித்தார்கள்.

"ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்க" என்றார்கள்.

"எங்கப்பா?"

"டப்பாவத் தொறந்து ருசி பாத்தது அவ இல்ல. நான்."

அப்பா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மேலே சொன்னார்கள்.

"அவ பந்தியில நின்னா. நாந்தான் தொறந்து நாக்குல வச்சேன். சாதாரணமா இருக்கதவிட கூடுதலாத்தான் கரிச்சுது. வாளியப் பாத்தா, சாக்கு நாரு ஓட்டையில அடைச்சுக் கெடக்கு, தண்ணி மூடி வரைக்கும் ஏறி நிக்கி. ஆணிய விட்டுக் குத்தி வடிய விட்டேன். அங்கன மாப்பிள்ளை வீட்டாளுக சாப்பிட்டு முடிச்சுட்டுக் கிண்ணத்தப் பாத்துக்கிட்டு இருக்காக. அக்கா கௌரவம் போயிரும்னு தோணிச்சு. அவ வந்து, 'உப்பு எப்படிங்க இருக்கு?'ன்னு கேட்டா. 'மாங்காய்ல்லா, அப்படித்தான் இருக்கும், கொண்டு போ'ன்னுட்டேன்."

"அம்மாவுக்கு இது தெரியுமாப்பா?"

"தெரியாம இருக்குமா? தரையில உப்புத் தண்ணி ஓடிக் கெடந்ததப் பாத்தா. அன்னைக்கு ஒரே ஒரு தடவ, 'ஓட்ட அடைச்சிருந்துச்சா?'ன்னு என்கிட்ட கேட்டா. நான் இல்லன்னேன். அதோட விட்டுட்டா. தன் மேலயே போட்டுக்கிட்டுச் செத்தும் போயிட்டா."

அப்பா அழுதார்கள். அம்மாவின் அடக்கத்திலும் அழாத மனிதர். எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். அறையை விட்டு எழுந்து போய்விட்டேன். எத்தனை ஆண்டுகள்! அம்மா நற்கருணைக்கு எழுந்து போகாமல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா அதே கோயிலில்தானே இருந்தார்கள்!

மறுநாள் அப்பா என்னிடம் வந்து, அம்மா பேரை எடுத்துவிட்டுத் தம் பேரைப் போடச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அப்பா சொன்னதை மறைக்கவும் உரிமை இல்லை. ஆகவே இரண்டையும் அப்படியே அச்சிட்டிருக்கிறேன்.

அத்தை, இது உங்களுக்கு. ஜெபத்தன்று எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால் முதல் பிரதியை உங்களிடம் தாமே கொண்டுவந்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வர மாட்டார்களாம். நீங்கள் இதை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பார்களாம். வெயில் ஏறுவதற்குள் கூப்பிட்டுவிடுங்கள் அத்தை, அப்பாவுக்கு இப்போதெல்லாம் அதிக நேரம் நிற்க முடிவதில்லை.